கை தவறிடுச்சுன்னு சொல்லு

அத்தியாயம் 14

அன்றைக்குக் காலையில் சுஜுவான் நூடுல்ஸ் செய்தாள். கடையில் வாங்கிய கட்டு நூடுல்ஸ் இல்லை. அவளே மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடி ஊறவைத்து, நீளநீளமாக இழுத்துப் போட்டது. மேலே ஒரு முட்டை, கொஞ்சம் வெங்காயத்தாள்.

மற்ற நாளில் இந்த வீட்டில் காலை உணவு சோளக்கஞ்சியும் ஊறுகாயும்தான். இழுத்த நூடுல்ஸ் என்றால் யாருக்கோ பிறந்தநாள் என்று அர்த்தம். வீட்டில் இருக்கும் மூன்று பேரில் யாருக்கும் அன்று பிறந்தநாள் இல்லை.

கணவர் குவான் தேஹாய் பஸ் டிரைவர் சீருடையோடு வந்து உட்கார்ந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறந்தநாள் நூடுல்ஸை எப்படிச் சாப்பிட வேண்டுமோ அப்படி, கடித்து அறுக்காமல் முழுதாக உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

"இன்னிக்கு சங்கு ஊதுவாங்க. ரோட்டுல எல்லா வண்டியும் நிக்கும். வர லேட்டாகும்."

"தெரியும் லாவ் குவான். வருஷா வருஷம் சொல்ற." அவரை அவள் லாவ் குவான் என்றுதான் கூப்பிடுவாள்.

செப்டம்பர் பதினெட்டு. ஜப்பான்காரன் படை இந்த ஊருக்குள் நுழைந்த தேதி. அந்த நினைவுக்குத்தான் சங்கு. ஷென்யாங்கில் பிறந்தவர்கள் யாருக்கும் அது மறக்காது. தேஹாய்க்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே மறக்காது. அவருடைய தாத்தாவை அந்தக் காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உடல்கூடத் திரும்பி வரவில்லை.

அதே தேதியில்தான் போன வருஷம் ஜப்பானில், ஒசாகாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை என்ன, காலண்டரைப் பார்த்துவிட்டா பிறக்கும்?

இந்தக் குடும்பத்தோடு இத்தனை வாரமாகக் கூடவே நடந்து வருகிறவர்களுக்கு வான்சிங்கைத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வான்சிங், சுஜுவானின் முதல் கணவருக்குப் பிறந்தவள். அவர் இறந்தபின் சுஜுவான் தேஹாயைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது வான்சிங் சின்னஞ்சிறு பிள்ளை. அவளைத் தோளில் தூக்கிவைத்து வளர்த்தவர் தேஹாய்தான். அவள் படித்தாள், ஒசாகாவுக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே ஜப்பான்காரன் ஒருவனை விரும்பினாள்.

மூன்று வருஷத்துக்கு முன் போனில் அதைச் சொன்ன அன்று, "எங்க தாத்தாவோட எலும்பு இன்னும் அந்தக் குழிக்குள்ளதான் கெடக்கு!" என்று தேஹாய் கத்தினார். "அது உங்க தாத்தா, என் தாத்தா இல்ல. நீங்க என்னைப் பெத்த அப்பாவும் இல்ல," என்று அவள் திருப்பிக் கத்தினாள். அதோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் தேஹாய், "எனக்கு ஒரே பொண்ணு" என்பார்.

அந்த ஒரே பெண்தான் லேலே. வயது இருபது. உள்ளூர்க் கல்லூரியில் படிக்கிறாள். படிப்பை விடக் கவனம் அதிகம் ஃபாங் ஷூயே என்கிற பாடகன் மேல். காதல் என்று அவசரப்பட்டு நினைத்துவிட வேண்டாம். லேலே என்று ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால் நாட்டின் வடகிழக்கில் அவனுக்கு இருக்கும் ரசிகர் படைக்கு லேலேதான் தலைவி. இணையத்தில் அவன் பக்கத்தில் தினமும் வருகை பதிவது, புதுப் பாட்டு வந்தால் ஊரைக் கூட்டுவது, எவனாவது அவனைத் திட்டினால் கூட்டமாகப் போய்ப் புகழ்ச்சியைக் கொட்டி அந்தத் திட்டை மூடுவது, எல்லாவற்றுக்கும் முறை போட்டு ஆள் அனுப்புவாள்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஷூயே ஓர் அண்ணன் என்றால், நாடு இன்னொரு பெரிய அண்ணன். ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் மேடையேறிய அண்ணன் என்று விளையாட்டாகச் சொல்வார்கள். அந்தப் பெரிய அண்ணனை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் விளையாட்டெல்லாம் போய்விடும். எல்லா அண்ணன்மாரின் படைகளும் ஒன்றாகக் கிளம்பிவிடும்.

லேலேவின் பழைய போன் அம்மாவிடம் இருந்தது. வகுப்பு நேரத்தில் வருகைப் பதிவு விட்டுப்போகக் கூடாது என்று தன் கணக்கை அதிலும் திறந்து வைத்துக் கற்றுக்கொடுத்திருந்தாள். "இங்க ஒரு தட்டு, அங்க ஒரு தட்டு, அவ்ளோதாம்மா. வேற எதையும் தொட்றாத."

சுஜுவான் இரண்டு தட்டும் தட்டுவாள். பிறகு வேறொரு பக்கத்துக்குப் போவாள்.

அந்தப் பக்கத்தை ஒருநாள் அந்த இணையத்தளமே தானாகக் கொண்டுவந்து காட்டியது. ஒசாகாவில் ஒரு சமையலறை, ஜாடியில் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், ஜாடி மூடியின் மேல் ஒரு கை. மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. ஏழு வயதில் வான்சிங் வெந்நீர்ப் பானையை இழுத்து விட்டுக்கொண்ட தழும்பு அது. பெயர் வேறு, முகம் கிடையாது. சுஜுவானுக்கு அந்தக் கை போதும்.

அன்றிலிருந்து தினமும் போய்ப் பார்ப்பாள். குழந்தை பிறந்தபின் அதன் கால் தெரியும், கை தெரியும், சில நாள் தலைமுடி தெரியும். முகத்தின் மேல் எப்போதும் ஒரு பூனைப் படம் ஒட்டியிருக்கும். எத்தனையோ முறை அந்தப் பூனையை விரலால் தேய்த்துப் பார்த்திருக்கிறாள், போய்விடுமோ என்று. பேத்தி எப்படி இருப்பாள் என்று தெரியாமலே அவளுக்காக ஏங்கினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அன்று பூனை இல்லை.

சிவப்புத் துணியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தூரிகை, மணிச்சட்டம், கரண்டி, பந்து. ஒரு வயது நிறைந்த பிள்ளையைச் சுற்றிப் பொருள்களைப் பரப்பி, அது எதை எடுக்கிறது என்று பார்ப்பது நம் வழக்கம். அங்கே போயும் வான்சிங் அதை விடவில்லை. குழந்தை எதையும் எடுக்காமல் நேராகப் படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்தது. மேலுதட்டில் ஒரு குழி, வட்டக் கன்னம், கொஞ்சம் பிடிவாதமான நெற்றி.

படத்துக்குக் கீழே சின்னதாக ஓர் இதயம், வெறும் கோடாக. சுஜுவான் அதைத் தொட்டாள். சிவந்தது.

அடுத்து ஒரு வீடியோ இருந்தது. அதைத் திறப்பதற்குள் ஊர் முழுக்கச் சங்கு ஊத ஆரம்பித்தது. தெருவில் வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. போனை மேசையில் வைத்துவிட்டு, தலை குனிந்து, அவளும் எல்லாரையும் போல எழுந்து நின்றாள்.

*

மத்தியானம் கதவு படாரென்று திறந்தது. லேலே செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா! என் கணக்குல என்ன பண்ணித் தொலைச்ச?"

"தட்டச் சொன்ன ரெண்டு எடத்துல தட்டினேன்."

"மூணாவதா ஒண்ணு தட்டிருக்க! ஜப்பான்ல உக்காந்துக்கிட்டு எவளோ ஒருத்தி பொறந்தநாள் கொண்டாடறா. இன்னிக்கு! சங்கு ஊதறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி! அவளுக்குப் போயி லைக் போட்டிருக்க. ஊரே சிரிக்குதும்மா."

"ஊருக்கு எப்படித் தெரியும்?"

"எதிர்க்கோஷ்டிப் பசங்களுக்கு வேற வேலை என்ன? நான் எதைத் தொடறேன்னு நாள் பூரா பாத்துக்கிட்டே இருப்பானுங்க. படம் புடிச்சுப் போட்டுட்டானுங்க. 'ஃபாங் ஷூயேவோட வடகிழக்குத் தலைவி துரோகி'ன்னு. அண்ணன் மன்னிப்புக் கேக்கணுமாம்."

"அவன் என்ன பண்ணினான் பாவம்?"

"நான் பண்ணினா அவன் பண்ணின மாதிரிதான்! ரசிகை செஞ்ச தப்பு அண்ணன் தலைலதான் விடியும். இது கூடத் தெரியாம இத்தனை நாளா தட்டிக்கிட்டிருந்தியா?" லேலேவுக்கு அழுகை முட்டியது. "அவனுக்கு அடுத்த வாரம் புதுப் பாட்டு வருதும்மா."

போன் கிணுகிணுத்தது. லேலே ஸ்பீக்கரில் போட்டாள். ரசிகர் படையின் தலைமையில் இருக்கும் ஒருத்தி. ஹாங்ஜோ நகரத்தில் இருக்கிறாள், எல்லாரும் ஆரஞ்சு அக்கா என்பார்கள். அவள் குரல் இனிமையாக இருந்தது.

"லேலே செல்லம், மூணு மணிக்குள்ள அறிக்கை வந்தாகணும். வீட்டு ஆளு கை தவறித் தொட்டுட்டாங்க, அந்தப் பொம்பளை யாருன்னே எங்களுக்குத் தெரியாது, நாங்க கண்டிக்கிறோம்னு போடு. உங்கம்மா குரல்ல ஒரு வரி சேத்துட்டா இன்னும் நல்லது. அம்மா குரல் கேட்டா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

கை தவறிவிட்டது என்பது இந்த உலகத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட சாக்கு. பெரிய பெரிய நடிகர்களின் கையெல்லாம் தவறும். எதைத் தொட்டு மாட்டிக்கொண்டாலும் மறுநாள் கை தவறிவிட்டது என்பார்கள். யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அதோடு விட்டுவிடுவார்கள். கை தவறவில்லை என்று சொன்னவனைத்தான் விடமாட்டார்கள்.

"கேட்டியா?" என்று லேலே அம்மா பக்கம் திரும்பினாள். "ஒரே வரி. 'கண்ணு சரியாத் தெரியல, கை தவறிடுச்சு'ன்னு சொல்லு. நான் பதிவு பண்றேன்."

சுஜுவான், "அந்தப் பொண்ணு பக்கத்துல என்ன நடக்குது?" என்று கேட்டாள்.

"என்ன நடக்கும்? நம்ம ஆளுங்களும் போயிருக்காங்க, அவனுங்க ஆளுங்களும் போயிருக்கானுங்க. இதுல மட்டும் எல்லாரும் ஒத்துமை."

"காட்டு."

லேலே எரிச்சலோடு நீட்டினாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். முன்னோர் ரத்தத்தில் கேக் வெட்டுகிறாயா. திரும்பி வராதே. உன்னைப் பெற்றவள் எவள். சுஜுவான் அந்தக் கடைசிக் கேள்வியை இரண்டு தடவை படித்தாள்.

அதற்குக் கீழே யாரோ குழந்தையின் படத்தை எடுத்து, நிறத்தை உறிஞ்சிக் கறுப்புவெள்ளையாக்கி, இறந்தவர்களின் படத்துக்குப் போடுகிற மாதிரி கறுப்புச் சட்டம் போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏற்றிவைத்திருந்தார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் கைதட்டல்.

சுஜுவான் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு வயதுப் பிள்ளையின் சிரித்த முகம் அது. காலையில்தான் முதல்முறையாகப் பார்த்த முகம்.

"இதை யாரு பண்ணினது?"

லேலே தலையைத் திருப்பிக்கொண்டாள். "எங்க குழுவுல ஒரு பொண்ணு. கொஞ்சம் ஓவர்தான். நான் சொல்லல, அவளாப் பண்ணினா."

"நல்லாப் பாத்தியா அந்த முகத்தை?"

"எதுக்குப் பாக்கணும்?"

"பாருடி."

லேலே பார்த்தாள். மேலுதட்டுக் குழி, வட்டக் கன்னம், பிடிவாத நெற்றி.

"ஒரு வயசுல நீ அச்சு அசல் இப்படித்தான் இருந்த. தூக்கிக்கிட்டு வெளிய போனா உங்கக்கா யாரையும் தொட விடமாட்டா."

லேலே சுவரில் சாய்ந்தாள். அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்காவா?"

"ஆமா."

"உனக்கு எவ்ளோ நாளாத் தெரியும்?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணல உனக்கு?"

"சொன்னா நீ என்ன பண்ணிருப்ப? உன் குழுவுல எல்லாரும் என்ன பேசறீங்கன்னு தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

லேலே முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். பேசியபோது குரல் சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது. "அவ ஒசாகாவுக்குப் போனப்ப நான் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தேன். சாயங்காலம் வந்து அவ கட்டில்லதான் படுப்பேன். தலையணைல அவ எண்ணெய் வாசனை இருக்கும். அதுவும் போயிடுச்சு. அப்ப எனக்குத் துணைக்கு இருந்தது ஷூயே பாட்டுதான். இந்தப் பசங்கதான். அழுதேன்னு சொன்னா எந்நேரமும் யாராவது ஒருத்தி பதில் போடுவா. அவ மூணு வருஷமா எனக்கு ஒரு வரி எழுதல."

"நீ எழுதினியா?"

லேலே இல்லை என்று தலையை அசைத்தாள்.

"சரி. இப்ப எழுது. அது என் அக்கான்னு எழுது."

"பைத்தியமா உனக்கு?" லேலே நிமிர்ந்தாள். "சொந்தக்காரின்னு தெரிஞ்சா அவ்ளோதான். நம்ம வீட்டு விலாசம், அப்பா ஓட்டற பஸ் நம்பர், அவ வேலை பாக்கற எடம் எல்லாத்தையும் தோண்டி எடுத்துப் போட்ருவானுங்க. தெரியாதுன்னு எழுதினாத்தான் ரெண்டு பேரும் தப்பிக்கலாம். நாளைக்கு வேற எவனாவது மாட்டுவான், இவளை மறந்துடுவானுங்க. அவளைக் காப்பாத்தறதுக்கும் இதாம்மா வழி."

அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. தலைவி பதவி போய்விடும், இத்தனை வருஷமாகச் சேர்த்த தோழிகள் ஒரே மத்தியானத்தில் முகம் தெரியாதவர்களாகிவிடுவார்கள் என்கிற பயமும் அதில் இருந்தது. சுஜுவானுக்கு அது புரிந்தது. மகள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

லேலே பதிவு செய்யும் பொத்தானை அழுத்தி அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். "கை தவறிடுச்சுன்னு சொல்லும்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

"தவறலையே."

"அம்மா!"

"இந்தக் கை என்னென்னமோ தப்பு பண்ணிருக்கு லேலே. அன்னிக்கு உங்கப்பா கத்தினப்ப இந்தக் கைதான் போனை வெச்சுது. மறுபடி எடுத்து அவளைக் கூப்பிடாம இருந்ததும் இந்தக் கைதான். இன்னிக்கு ஒண்ணுதான் சரியாப் பண்ணுச்சு. அதைப் போயித் தப்புன்னு என்னால சொல்ல முடியாது."

லேலே எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று மணி ஆவதற்குள் அறிக்கை வந்துவிட்டது, அம்மாவின் குரல் இல்லாமல். சுஜுவான் பழைய போனில் படித்தாள். *வீட்டில் பெரியவர் ஒருவர் கை தவறித் தொட்டுவிட்டார். அந்தப் பெண் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் எங்களுக்கும் எந்த உறவும் இல்லை. இந்த நாளை மறந்தவர்களை நாங்கள் கண்டிக்கிறோம்.* கடைசியில் கொடிப் படம். ஆரஞ்சு அக்கா முதல் ஆளாக வந்து பூங்கொத்துப் படம் வைத்துவிட்டுப் போனாள். பிழைத்துக்கொண்டாய் செல்லம் என்று எழுதியிருந்தாள்.

வான்சிங்கின் பக்கத்துக்குப் போனாள். குழந்தையின் படம் இல்லை. முட்டைக்கோஸ் ஜாடி இல்லை. கால் இல்லை, கை இல்லை. *இந்தப் பயனர் இல்லை* என்று ஒரு வரி.

ஒரு வருஷமாக அவள் மகளோடு வாழ்ந்த இடம் அது. அங்கேதான் காலையில் எழுந்தவுடன் போனாள், காய் நறுக்கும்போது போனாள், தூக்கம் வராதபோது போனாள். மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள். அதே வரிதான் இருந்தது. சத்தம் வராமல், ஏப்ரனை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

*

சாயங்காலம் தேஹாய் வந்தார். அடுப்பு எரியவில்லை. மனைவியின் கண் வீங்கியிருந்தது. உள்ளேயிருந்து லேலே வந்தாள்; அவள் கண்ணும் அப்படியே.

"யாரு செத்துட்டாங்க?" என்றார்.

சுஜுவான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். குழந்தையை, இதயத்தை, மெழுகுவத்தியை, அறிக்கையை. இவ்வளவு நாளாக ஒளித்து ஒளித்துப் பார்த்ததையும் சொன்னாள். கத்தினால் கத்தட்டும் என்றுதான் சொன்னாள்.

தேஹாய் தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"குழந்தை எதை எடுத்துச்சு?"

"என்ன?"

"சுத்திப் பொருளெல்லாம் வெச்சாளே. அதுல எதை எடுத்துச்சு?"

சுஜுவான் உதட்டைக் கடித்தாள். "தெரியல லாவ் குவான். வீடியோ இருந்துச்சு. தொறக்கறதுக்குள்ள சங்கு ஊதிடுச்சு. அப்புறம் எல்லாம் போயிடுச்சு."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்க்க லேலேவால் முடியவில்லை.

"அப்பா, இன்னொண்ணு இருக்கு," என்றாள். "கரடிக்குட்டின்னு என் கணக்குக்குப் பேரு. அந்தப் பேரை வெச்சதே அக்காதான். ரெண்டு பேரும் சேந்துதான் அதைத் தொறந்தோம். எழுதறப்ப அவளுக்கு எங்க தெரியப்போகுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தெரியும்பா. அது நம்ம வீடுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும்."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"கூப்பிடலாம்," என்றாள் சுஜுவான். "நம்பர் இருக்கா உங்கிட்ட?"

"அப்பவே கோவத்துல அழிச்சிட்டேன்," என்றாள் லேலே.

"நான் சேத்து வெச்ச நம்பரெல்லாம் என் பழைய போனோட போச்சு..."

தேஹாய் தொப்பியைப் பார்த்தபடியே எண்ணைச் சொன்னார். நாட்டுக் குறியீட்டில் தொடங்கிக் கடைசி எண் வரை, எங்கும் நிற்காமல், பஸ் நிறுத்தங்களின் பெயரைச் சொல்வது போலச் சொன்னார்.

"என் போன்லேந்து போடு," என்று நீட்டினார்.

வெளிநாட்டுக்குப் பேசும் வசதி தானாக வராது. கவுண்டரில் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அவர் போனில் அது இருந்தது. எப்போது போய் வாங்கினார் என்று சுஜுவான் கேட்கவில்லை. கேட்டால் உடைந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. விட்டுவிடலாமா என்று நினைத்தபோது யாரோ எடுத்தார்கள். ஆண் குரல். புரியாத மொழியில் ஏதோ அவசரமாகக் கேட்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

தேஹாய் போனைக் கையில் வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"நான் வான்சிங்கோட அப்பா பேசறேன்."

இப்போது அந்த ஆள் நம் மொழியில் பேசினான். புத்தகத்தில் படித்த மொழி. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைத்தான்.

"அப்பா. நான் ஷுன்பெய். அவளுடைய கணவன். வான்சிங் அங்கே பேசினாளா?"

"இல்லையே. ஏன், அங்க இல்லையா அவ?"

"இல்லை. பிற்பகலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டாள். நான் வேலையிலிருந்து வந்துவிட்டேன். எல்லா இடத்திலும் தேடினேன். இன்னும் வரவில்லை."

சுஜுவான் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொன்னா? போறப்ப என்ன சொன்னா, கேளு!"

"காலையில் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தாள்," என்றது அந்தக் குரல். "தங்கையின் கணக்கிலிருந்து இதயம் வந்திருக்கிறது, தங்கை தொட மாட்டாள், அம்மாதான் என்று என் அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னாள். அம்மா பார்த்துவிட்டார், அம்மா பார்த்துவிட்டார் என்று குழந்தையிடமும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு நிறையப் பேர் வந்து திட்டினார்கள். நான் மூடிவிடு என்றேன். மாட்டேன், மூடினால் அம்மா எப்படிப் பார்ப்பார் என்றாள். எவ்வளவு திட்டினாலும் மூடவில்லை. பிறகு ஒன்று படித்தாளாம். படித்துவிட்டாள், மூடிவிட்டாள். அது என்ன என்று எனக்குச் சொல்லவில்லை."

தேஹாய் கண்ணை மூடிக்கொண்டார். போன் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

லேலே அதை எடுத்தாள். ஆரஞ்சு அக்காவின் பூங்கொத்துக்கு நன்றி சொல்லாததற்கு அவளுடைய போன் உள்ளறையில் விடாமல் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அத்தான்," என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல்லைச் சொன்னாள். "நான் லேலே. அவ கடைசியாப் படிச்சதை எழுதினது நான்தான்."

இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ அக்கான்னு தெரிஞ்சுதான் எழுதினேன், அத்தான். கை தவறல."